கோலமாவுக் கோடு

என் மாமா, அம்மாவின் தம்பி, திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஆறு நாள் இரும்பு, ஞாயிற்றுக்கிழமை தெர்மாகோல். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் ஒன்றைத் தானே செய்திருந்தார். அதற்குச் சக்கரம் கிடையாது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரியோரப் புல்தரை உண்டு. அதில் வயிறு உரச இறங்கிக் கொஞ்ச தூரம் சறுக்கி நிற்கும்.

அப்போது அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். முப்பது வயதில் பொம்மை விமானம் விடுகிறவனை நம்பியா பெண்ணைக் கொடுப்பது? நேரில் வந்து பாருங்கள், கோடு போட்டு வைக்கிறேன், கோட்டில் நிற்கும் என்று மாமா வாயை விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு காலை அம்மாவின் கோலமாவு டப்பாவோடு நானும் போனேன். எனக்கு ஏழு வயது. மாமா மாவு தீருமட்டும் புல்லின் குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு, பெண்ணையும் அவள் அப்பாவையும் அழைத்து வர மெயின் ரோட்டுக்குப் போனார். எனக்கோ மனசு கேட்கவில்லை. தண்ணீர் தெளிக்காமல் யாராவது கோலமாவைத் தொடுவார்களா? அதுவும் விருந்தாளி வரும்போது? காலி டப்பாவில் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு, விமானம் இறங்குகிற புல் முழுக்கத் தெளித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விமானம் அழகாகத்தான் இறங்கியது. ஆனால் ஈரப் புல்லில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், கோட்டையும் தாண்டி, ஏரிக்குள் தொப்பென்று விழுந்தது.

மாமா ஓடினார். அவருக்கே கால் வழுக்கியது. குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். கரையில் நான் போட்டிருந்த டப்பாவையும் பார்த்தார். விமானத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“கோட்டுல நிக்கும்னீங்களே தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா.

“பின்னாடியிருந்து காத்து அடிச்சிடுச்சு சார். நான்தான் கவனிக்காம எறக்கிட்டேன்.”

பெரியவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலிலேயே கல்யாணம் பாதி கவிழ்ந்துவிட்டது.

அந்தப் பெண்தான் இன்று என் அத்தை. அந்த நாளைப் பற்றிப் போன தீபாவளிக்குத்தான் வாயைத் திறந்தார்.

“அன்னிக்கு எங்கடி காத்து? என் துப்பட்டா கூட அசையல. நீ பாவாடை நனைஞ்சு நிக்கிற, உங்க மாமா டப்பாவ சட்டைக்குள்ள ஒளிக்கிறாரு. வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட சொல்லிட்டேன், கட்டினா இவரத்தான்னு.”

அன்று திரும்பி வரும் வழியில் அந்த மனுஷனை நான் சும்மா விடவில்லையே! ஒடிந்த இறக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தவரை, காற்றைப் பார்த்து இறக்க வேண்டாமா, மானமே போயிற்று என்று வழியெல்லாம் பிடித்துக் காய்ச்சினேன்.

“தப்புதாம்மா,” என்றார் மாமா. “இனிமே பாத்து எறக்கறேன்.”

போனால் போகிறதென்று நானும் அவரை மன்னித்துவிட்டேன்.