ரத்துக்கான காரணம்

அந்தப் படிவத்தின் கடைசியில் 'ரத்து செய்வதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வாடிக்கையாளரின் சொந்தக் காரணம்' என்று ஷோரூம்காரர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். மதினி கையெழுத்துப் போட்டால் போதும், கட்டிய முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தது நான்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். அங்கிருந்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. திரேஸ்புரம் கடற்கரையில் மீனை ஏலம் எடுத்து வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர். வாடகை வண்டிக்காரர்கள் நினைத்த நேரத்துக்கு வந்து மீன் நைந்து போவதைப் பார்த்துச் சலித்து, தானே ஓட்டுவதற்கு முன்பணம் கட்டி ஒரு லோடு ஆட்டோ பதிவு செய்தார். ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கினார். கரையில் சிரித்தார்கள். "ஏளா, வண்டி வந்து நிக்கும்போது நீ பயந்து வேண்டாம்னுருவ பாரு" என்று ஏலம் விடுகிற அண்ணாச்சியே சொன்னார். மதினி வண்டி வரட்டும் என்றிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து வண்டி வந்தது. ஷோரூமின் பின்பக்கம் நின்ற அதன் கண்ணாடியில் மதினியின் பெயர் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். மறுநாள் மீதிப் பணத்தோடு போனால் வண்டி இல்லை. ஒரே நேரத்தில் நாலு வண்டி கேட்ட ஒருவருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ரத்து செய்துகொள்ளுங்கள் என்றார் மேலாளர்.

மதினி பேனாவை வாங்கி, அந்த வரியைக் குறுக்காக அடித்தார்.

"வேண்டாம்னு நானா சொன்னேன்? நீங்கதான தரல. அதை எழுதுங்க."

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு காரணமே இல்லம்மா."

"இல்லன்னா அதுக்குச் சொல்லிக் குடுங்க. எங்க கரையில ஏலம் முடிஞ்ச கூடையைத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்தவன் மறுநா அங்கன வந்து நிக்க முடியாது. நீங்க ஏசி போட்டு உக்காந்திருக்கீய."

"பணம் முழுசும் தாரோம்லா?"

"பயந்து ஓடிட்டாள்னு நாளைக்கு ஊரு சொல்லும். அதுக்கு நீங்க தாள்ல சாட்சி எழுதித் தாரீயளோ?"

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க." வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. மதினியும் பார்த்தார், ஆனால் கெஞ்சவில்லை. "எழுது தம்பி. உன் எழுத்துதான் எல்லாருக்கும் புரியும்."

உட்கார்ந்து எழுதினேன்: 'எனக்கு ஒதுக்கிய வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.' மதினி அதன் கீழே கையெழுத்திட்டு, சீல் வைத்து நகல் வேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் முன்பணம் கட்டக் காத்திருந்த ஒரு தம்பதி எட்டிப் படித்துவிட்டு, தங்கள் படிவத்தை மடித்து வைத்தார்கள். அதன்பிறகு சீல் வர நேரமாகவில்லை.

அன்றைக்கே வேறொரு ஷோரூமுக்குப் போனோம். மதினி அந்த நகலை விற்பனையாளர் முன்னால் வைத்தார். "முதல்ல இதை வாசிங்க. பொறவு அட்வான்ஸ் பேசுவோம். வண்டி தார தேதியை எழுதித் தரணும்."

வாசித்தவர் தயங்கினார். "தேதியெல்லாம் எழுதித் தார வழக்கமில்லீங்க."

"இன்னைலேர்ந்து வழக்கமாக்குங்க."

சொன்னது மதினி இல்லை, நான். விற்பனையாளர் தேதியை எழுதித் தந்தார். அந்தத் தேதிக்கு வண்டி வந்தது. இன்று காலையும் மதினிதான் அதை ஓட்டிக்கொண்டு போனார்.