அரைச் சுரம் இறக்கிய மார்லிஸ் ட்வெய்ட்

மார்லிஸ் ட்வெய்ட்டின் பாடகர் குழுவில் சேரத் தேர்வு கிடையாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. பால்பண்ணைக்காரர் மகள். அக்காக்களோடு பால் கறந்தபடியே ஆளுக்கொரு குரலாக, நான்கு குரலில் பாடி வளர்ந்தவர். "எங்க தொழுவத்துல யாரையும் பாடிக் காட்டச் சொல்லி உள்ள விடல" என்பார்.

அப்படிச் சேர்ந்தவன்தான் லைல் ஸ்கோகன். கோதுமை விவசாயியின் மகன், கதவளவு உயரம். அவன் தொண்டையில் இருந்தது ஒரே சுரம். பியானோவில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவனிடமிருந்து அதே அடிக்குரல்தான் வரும்.

வசந்தகாலப் போட்டி நெருங்கியபோது தலைமையாசிரியர் கார்டன் ஹாகென் ஒத்திகைக்கு வந்தார். பாட்டைக் கேட்டார். மார்லிஸை ஓரமாக அழைத்தார்.

"அந்தப் பையன வாய மட்டும் அசைக்கச் சொல்லுங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதுதானே."

"நடிக்க நாடக வகுப்பு இருக்கு, கார்டன். இது பாட்டு வகுப்பு."

"இந்தத் தடவ முதல் தரம் வரலைன்னா பாட்டு வகுப்பே இருக்காது. உங்க அறைய மல்யுத்தக்காரங்க கேக்கறாங்க. நான் சும்மா சொல்லல."

"நானும்தான்."

அன்று மாலை மார்லிஸ் பாட்டின் இசைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி அடிகளில் ஆண்குரல்கள் வந்து நிற்கும் சுரம், லைலின் சுரத்துக்கு அரைச் சுரம்தான் மேலே. முழுப்பாட்டையும் அவ்வளவு இறக்கினால் முடிவு அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆனால் அச்சிட்ட சுருதியை மாற்றினால் போட்டியில் ஒரு தரம் குறையும்.

மறுநாள் குழுவிடம் ஒளிக்காமல் சொன்னார். "லைல் பாடாட்டி தரம் கொறையாது. பாட்ட இறக்கினா கொறையும், வகுப்பும் போகலாம். சொல்லுங்க."

லைல் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையிலிருந்து கோனி, "இறக்குங்க மிஸ் ட்வெய்ட்" என்றாள். "அந்த உச்சத்தப் பிடிக்கப் போயி எனக்குத் தொண்ட கிழிஞ்சு தொங்குது."

சிரிப்பு அடங்கியதும் மார்லிஸ் லைலிடம் திரும்பினார். "மத்த எடத்துல வாய மூடிக்கோ. மூடிக்கிட்டு நிக்கறது பொய்யில்ல. கடைசி அடியில கூரை அதிரணும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போக உங்கிட்ட வேற சுரம் ஏதுடா?"

போட்டியில் கூரை அதிர்ந்தது. கிடைத்தது இரண்டாம் தரம். நடுவர் ஆண்குரல்களைப் பாராட்டிவிட்டு, சுருதி மாற்றத்துக்குத் தரத்தைக் குறைத்திருந்தார்.

ஹாகென் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது பாட்டறையில் மல்யுத்த மெத்தை விரித்தாகிவிட்டது, பியானோவைப் பூட்டியாகிவிட்டது. மார்லிஸுக்கு வேறு வகுப்புகள் கொடுத்தார்கள். அவர் அறிவிப்புப் பலகையில் ஒரே வரி எழுதினார்: பாட்டு, முதல் மணிக்கு முன், சாப்பாட்டுக் கூடத்தில்.

பழைய குழு மொத்தமும் வந்தது, புது முகங்களும் வந்தன. வேர்வை நாற்றத்தோடு ஒரு மல்யுத்தக்காரனும் வந்து நின்றான். சமையல்காரம்மா பன் தட்டுகளை ஓசைப்படாமல் இறக்கி வைத்தார்.

"பியானோ இல்லாம சுருதிக்கு எங்க போறது?" என்றாள் கோனி.

மார்லிஸ் கடைசி வரிசையைப் பார்த்தார். "லைல், குடு."

கொடுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

சத்தம் கேட்டு ஹாகென் வாசலில் வந்து நின்றார். "இங்க பியானோகூடக் கெடையாதே, மார்லிஸ்."

"சுருதி கடைசி வரிசையில நிக்குது, கார்டன். கதவச் சாத்திட்டுப் போங்க. பிள்ளைங்களுக்குக் குளிருது."