மரத்துப்போன இரண்டு விரல்கள்

பல் கட்டும் அந்தக் கூடத்தில் எல்லாரும் அவரைக் கடைவாய் என்றுதான் கூப்பிட்டார்கள். சிரித்தால் தெரிகிற முன்பல் வேலைக்கு எப்போதும் ஆள் கிடைக்கும். வாய்க்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து அரைத்துக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு இவர் ஒருவர்தான் மெனக்கெடுவார். மெழுகில் அதன் மேடுபள்ளங்களைச் செதுக்கி, பீங்கான் குழம்பை ஊசிமுனைப் பிரஷால் அடுக்கடுக்காக ஏற்றிச் சூளையில் வைத்து எடுத்தாரென்றால், பிறந்த பல் எது, பொருத்தின பல் எது என்று பல் டாக்டருக்கே ஒரு நிமிஷம் குழம்பும். முதலில் கிண்டலாக வைத்த பெயர் பிறகு அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட, “கடைவாய் இருக்காரா?” என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி, “இருக்காரு, இப்பத்தான் மென்னுக்கிட்டு இருக்காரு” என்பாள்.

ஐம்பதைத் தொடப்போகிற வயதில் அந்த மனுஷன் ஒரு பைக் வாங்கினார்.

காரணம் இல்லாமல் இல்லை. கூடத்தின் முதலாளியம்மா வாடகை கட்டுப்படியாகாமல் இடத்தை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டைக்கு மாற்றிவிட்டார். அவரிடம் இருந்த ஸ்கூட்டர் அந்தச் சாலையில் லாரி கடந்து போனாலே காற்றாடி மாதிரி ஆடியது. ஆகவே நானூறு சிசியில் ஒன்று பார்த்தார். ராட்சசப் பைக்கும் இல்லை, பால்காரர் பைக்கும் இல்லை, இடைப்பட்ட ரகம். முதல் நாள் மூன்றாவது கியரில் கொஞ்சம் முறுக்கியதும் அது ஒரு லாரியைத் தாண்டிப் போன வேகத்தில் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “கேட்டதும் குடுக்குது. கேக்காமலும் குடுக்குது” என்றார்.

“சரி, எனக்கு உக்கார இடம் குடுக்குதா?” என்றாள் அவள்.

அதுதான் இல்லை. பின்சீட் ஒரு பாடப் புத்தகத்தின் அளவுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கட்டு வரைக்கும் போய் வந்தால் அவள் இறங்கி நின்று இடுப்பை நிமிர்த்தவே தனியாக நேரம் வேண்டும். “அதுக்கும் பண்றேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பண்ணியதெல்லாம் வேறு. எஞ்சினுக்குக் காப்புக் கம்பி வந்தது. காற்றுத் தடுக்க முன்கண்ணாடி வந்தது. சாப்பாட்டுப் பையை வைக்கப் பின்பெட்டி வந்தது. அதே பைக் வைத்திருப்பவர்களின் போன் குழு ஒன்றில் சேர்ந்து, யார் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று படங்களை மட்டும் பார்ப்பார். எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார். அப்படி ஒரு படத்தில், பக்கக் கண்ணாடிகள் ஹேண்டிலின் இரண்டு முனைகளிலும் பூப்போல மலர்ந்திருந்ததைக் கண்டு மயங்கி, அதையும் வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். பல்லை மாட்டுகிறவருக்குக் கண்ணாடி மாட்டுவது பெரிய விஷயமா?

விரல் மரத்துப்போனது அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான்.

ஒரு காலையில் மேஜையில் உட்கார்ந்து பிரஷை எடுத்தபோது வலது கையின் சுண்டு விரலும் பக்கத்து விரலும் அவருடையவை மாதிரியே இல்லை. பஞ்சு சுற்றி வைத்தாற்போல இருந்தன. பிரஷைப் பிடிப்பது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான்; ஆனால் சுண்டு விரலை மேஜையில் ஊன்றினால்தான் கை ஆடாமல் நிற்கும். தூங்கும்போது கையை மடித்துப் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். மதியத்துக்குள் சரியாகிவிட்டது. மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த வாரம் இடது கையிலும் வந்தது.

அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற விரல்கள்தான் அவருக்கு முதலில் மரத்துப்போயின. சில்லறை நழுவியது. பிறகு கரண்டி நழுவியது. கடைசி சில வருஷங்கள் அப்பாவுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டது இவர்தான். ஒவ்வொரு பித்தானாகப் போடப்போட அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நரம்பு வியாதி என்று டாக்டர்கள் சொன்னதோடு சரி, அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் விட்டது இப்போது பூதாகாரமாக எழுந்து நின்றது.

மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்ப்பார். “உள்ள என்ன பண்றீங்க? சட்டையத் தைக்கிறீங்களா?” என்று வெளியிலிருந்து சத்தம் வரும். கூடத்தில் அவர் செய்த பல் ஒன்று திரும்பி வந்தது. கடித்தால் இடிக்கிறதாம். பிறகு இன்னொன்றும் வந்தது. சூளையில் சூடு சரியில்லை என்று அவர் சொல்ல, முதலாளியம்மா ஆள் வைத்துச் சூளையைச் சோதித்துவிட்டு, “சூளை நல்லாத்தாங்க இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் சிரித்து மழுப்பினார். அன்று சாயங்காலம், செய்த பற்களை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குத் தன்னை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தார். அதை எந்த வாயால் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கவலைக்கெல்லாம் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் பைக்தான். மனசு கனத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்தால் விரல்கள் இன்னும் மோசமாக இருக்கும். வியாதி முற்றுகிறது என்று பயந்து, அந்தப் பயம் தீர மறுபடியும் வண்டியை எடுப்பார். பயந்த மனுஷனுக்குக் கணக்கு வராது. கணக்குத் தெரிந்தவளிடமோ அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வந்தான். அவன் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறவன். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். கை இரண்டும் உலக்கை. லாரி பட்டறையில் கிடந்ததால், பக்கத்து ஊர் டிப்போவுக்குப் போய்வர ஒரு வண்டி கேட்டான்.

“மாமா, உங்க குதிரையக் குடுங்க. சாயங்காலம் கட்டிட்டுப் போயிடறேன்.”

“மெதுவா ஓட்டு மாப்ள.”

“மெதுவா ஓட்டத்தான் எங்கிட்ட லாரி இருக்கே.”

வெயில் இறங்குகிற நேரத்தில் அவன் திரும்பினான். கடைவாய் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் வண்டியை நிறுத்தினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், பிறகு தண்ணீரை உதறுவது போல இரண்டு கையையும் உதறினான். அக்கா கொண்டுவந்து நீட்டிய டீயை வாங்கி, கை மாற்றி, மறுபடியும் கை மாற்றி, கடைசியில் சுவர்மேல் வைத்துவிட்டான்.

“என்னடா, சூடா?” என்றாள் அக்கா.

“சூடே தெரியலக்கா, அதான் விஷயம். மாமா, இது வண்டியா, மாவு மில்லா? வேகம் ஏற ஏற ஹேண்டில் கிர்ருனு அதிருது. ரெண்டு கையும் செத்துப்போச்சு. தினமும் இதுலயா போயிட்டு வரீங்க?”

கடைவாய் செய்தித்தாளைக் கீழே வைத்தார். “கை என்ன ஆச்சுன்னு சொன்ன?”

“மரத்துப்போச்சு.”

“எந்த விரல்?”

“எந்த விரல்னா… இதோ, இது ரெண்டும்.” சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் தூக்கிக் காட்டினான். “ஏன் மாமா?”

“பஞ்சு சுத்தின மாதிரி இருக்கா?”

“ஆமா.”

“ஊசியால குத்துற மாதிரி அப்பப்ப சுருக்குனு வருதா?”

“வருது. வந்து இப்பக் கொஞ்சம் பரவாயில்ல. என்ன மாமா, டாக்டர் மாதிரி கேக்கறீங்க?”

அவர் எழுந்தார். மைத்துனனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரியை இழுத்து மடக்கிக் காய்ப்பேறிய கை. அந்தக் கையே ஒரு நாள் ஓட்டத்தில் மரத்துப்போயிருக்கிறது. மறுபடியும் படியில் உட்கார்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு முகம் கோணிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மைத்துனன் பயந்துபோய், “அக்கா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?” என்றான்.

அவள் புருஷனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். “என்னங்க, என்ன ஆச்சு?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சு விரல், திரும்பி வந்த பற்கள், குளியலறைப் பித்தான், அப்பா, எல்லாவற்றையும். அவள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. கொஞ்சம் கழித்து ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இத்தனை நாளா மனசுக்குள்ளயே புதைச்சு வெச்சிருந்தீங்க. நான் எதுக்கு இந்த வீட்டுல இருக்கேன்? சட்டைப் பித்தான் போட எனக்குத் தெரியாதா?” என்றாள். ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வண்டி வந்ததுக்கு அப்புறந்தான் விரல் மரக்க ஆரம்பிச்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே விடை சொல்லியிருப்பேன்.”

அவர் தலையாட்டினார். மைத்துனன் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் இப்ப ரெண்டு பேரும் அழறீங்க? வண்டியக் காட்டுங்க” என்று எழுந்தான்.

அன்று போன் குழுவில் கடைவாய் முதல்முறையாக ஒரு வரி எழுதினார்: ‘யாருக்காவது கை மரத்துப்போகிறதா?’ டீ கிளாஸ் கழுவுவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. எனக்கும், எனக்கும்தான், ரெண்டு கையும், நான் டாக்டரிடமே போனேன், என்று ஒரு ஊரே அவரோடு சேர்ந்து மரத்துப்போயிருந்தது. ஒவ்வொரு ‘எனக்கும்’ வரும்போதும் அவருக்கு ஒரு மூட்டை இறங்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியா, இவருக்கும்! இந்தம்மாவுக்குமாம்!” அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுநாள் மைத்துனன் கூட்டி வந்த மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, ஹேண்டில் முனையில் இருந்த பூக்கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்தார். “இதுக்கு முன்னாடி இங்க ரெண்டு இரும்புக் குண்டு இருந்திருக்குமே?”

“ஆமா. கண்ணாடி மாட்டக் கழட்டிட்டேன்.”

“அது சும்மா அலங்காரத்துக்கு வெக்கிறதில்லங்க. அந்தக் கனம்தான் அதிர்வை அடக்கும். இந்த வண்டி வேகத்துல கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அது கூடப்பிறந்த குணம். நீங்க அடக்கறதையும் கழட்டிட்டீங்க. குனிஞ்சு வேற ஓட்டுவீங்கபோல, உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில இறங்கியிருக்கு. குண்டு ரெண்டையும் கொண்டாங்க.”

வீட்டைப் புரட்டியும் குண்டு கிடைக்கவில்லை. கடைசியில் மனைவியைக் கேட்டார்.

“கட்டை விரல் தண்டி, பளபளன்னு இருக்குமே, அதுவா? துண்டு பறக்காம இருக்க மாடியில வெச்சிருக்கேன்.”

குண்டுகள் மாடியிலிருந்து இறங்கி ஹேண்டிலுக்குத் திரும்பின. கண்ணாடிகள் பழைய இடத்துக்கே போயின. மெக்கானிக் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, தடித்த ரப்பர் கிரிப் போட்டுக் கொடுத்தார். மனைவி அதோடு விடவில்லை. ஊசியும் மின்சாரமும் வைத்து நரம்பைச் சோதிக்கிற ஒரு டாக்டரிடம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சோதித்துவிட்டு, உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அதிர்வில் சோர்ந்திருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். கடைவாய் தயங்கித் தயங்கி அப்பாவைப் பற்றிக் கேட்டார். டாக்டர் பொறுமையாக விசாரித்தார்.

“உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா?”

“இருந்துச்சு. அவரு பாத்துக்கவே இல்ல.”

“அப்ப அதனாலயே வந்திருக்கலாம். உங்களுக்குச் சர்க்கரை இல்ல. மத்த நரம்பெல்லாம் நல்லா இருக்கு. நிம்மதியாப் போங்க.”

வெளியே வந்து மருந்துக்கடை நிழலில் நின்றபோது, தன் தோள்கள் இரண்டும் காதிலிருந்து கீழே இறங்கியதை அவரே உணர்ந்தார். எத்தனை மாதமாக அப்படித் தூக்கி வைத்திருந்தாரோ.

ஒரு மாதம் பஸ்ஸில் போய்வந்தார். இரண்டு பஸ், நடுவில் ஒரு நடை, முணுமுணுக்கவே இல்லை. ஒரு காலையில் மேஜையில் சுண்டு விரலை ஊன்றினார். பலகையின் சொரசொரப்பும், நேற்று யாரோ சிந்திய மெழுகுத் துளியும் விரலுக்குத் தெரிந்தன. அந்தத் துளியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அன்று செய்த பல்லை முதலாளியம்மா உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். “சூளை சரியாயிடுச்சுபோல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி பைக் எடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் விடுதியில் இருக்கும் மகளைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். வேகம் ஏறியபோது ஹேண்டிலில் லேசாக ஒரு முனகல் மட்டும் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அவர் விரல்களை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது இடத்தில் மனைவி இறங்கி, இடுப்பில் கை வைத்து, வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்க கை பொழச்சுக்கிச்சு. ரொம்ப சந்தோஷம். இனிமே அந்தக் குழுவுல என் இடுப்பப் பத்தியும் ஒரு வரி எழுதுங்க.”

“எழுதிட்டேன்” என்றார் அவர். “சீட் அகலப்படுத்தித் தெச்சுக் குடுக்கிற ஆள் ஒருத்தர் நம்பர் வந்திருக்கு. நாளைக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருக்கேன்.”

அவள் நம்பாமல் போனை வாங்கிப் பார்த்தாள். நம்பர் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நல்லா அகலமா வெக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.