ஒரே பக்கமாக ஓடிய கீறல்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கையிலிருக்கும் பழைய வெள்ளிக்காசை, பழங்காசுகளுக்குத் தரச்சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா? யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு என்று தெரிந்தால், மதிப்பு போய்விட்டது என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியில் வைப்பார், ஒரு வாய் தேநீர் குடிப்பார், மறுபடி எடுப்பார். விளக்கடியில் சாய்த்தபோது ஒளி காசைச் சுற்றி அழகாகத்தான் ஓடியது. ஆனால் அதிலிருந்த ராணியின் கன்னத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக.

"வித்தவன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான். வாங்கும்போது இந்தக் கீறல் இல்லவே இல்ல. எப்படியோ மறைச்சு வித்திருக்கான்," என்று பொருமினார்.

ஃப்ரேம்களை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அவன எதுக்குத் திட்டுறீங்க? கல்யாணமான நாள்லேருந்து எதையும் துடைக்காம நீங்க வெளிச்சத்துல பிடிச்சு நான் பாத்ததில்ல. காலையிலேருந்து இதையும் லென்ஸ் துணியால ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தானே பாக்குறீங்க."

"நானா?" என்று சீறினார் அவர். அந்த மஞ்சள் லென்ஸ் துணி அப்போதும் அவருடைய கட்டைவிரலடியில் ராணியின் கன்னத்தை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தது.