பொங்கலன்று வந்த இரட்டைப் புள்ளி

அந்த வெள்ளை பிரிஸ்டல் போர்ட் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எல்கடுவ தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். என்னோடு இருந்த விஞ்ஞான டீச்சர் அந்த அட்டையில்தான் சூரியனைப் பிடிப்பார். பைனாகுலரை மேசையில் கட்டி, ஒரு குழாயை மூடிவிட்டு மற்றதை வெயிலுக்கு நீட்டினால், பின்னால் பிடித்த அட்டையில் ரொட்டியளவு வட்டம் விழும். பைனாகுலரில் கண்ணை வைத்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை கட்டிப்போகும்.

பொங்கலுக்கு முதல் நாள் அந்த வட்டம் துடைத்துவைத்த தட்டாக இருந்தது. மறுநாள் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் பானை ஏறியிருந்தது. எங்கள் பக்கம் சூரியன் மலையைத் தாண்டி வரும்போதே சுள்ளென்றுதான் வரும். டீச்சர் கோயில் முற்றத்தில் அட்டையைப் பிடித்தார். நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்ணாடியைத் துடைத்தார், போகவில்லை. குழாயை அசைத்தார், வட்டத்தோடு சேர்ந்தே அவையும் நகர்ந்தன. ஒரு ராத்திரிக்குள் சூரியனில் இப்படி வருமா என்று கேட்டேன்.

வரும் என்றார். உள்ளே முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலம் மிதந்து மேலே வருமாம், தொட்டித் தண்ணீரில் அமுக்கிய காற்றுக் குழாய் வளைந்து எழும்புவதுபோல. மேற்பரப்பைக் கிழித்து அது வெளியே வரும் இடம் ஒரு புள்ளி, திரும்ப உள்ளே இறங்கும் இடம் மற்றது. ஒன்று வடமுனை என்றால் மற்றது தென்முனை. கீழிருந்து வரும் சூட்டைக் காந்தம் அங்கே தடுத்துவிடுவதால் கறுத்துத் தெரிகிறது. ஒரு புள்ளிக்குள் நம் பூமியே அடங்கும் என்றார்.

அந்த நேரம் பால் பொங்கியது. அட்டையைப் பார்க்க சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். பால் பொங்கும் நேரத்தில் எங்கள் ஆட்கள் யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். டீச்சர் சட்டென்று திரும்பிக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, என்ன தோன்றியதோ, அந்தப் புள்ளிகளை நேரிலேயே பார்க்கக் குனிந்து பைனாகுலரில் கண்ணை வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷி! நான் இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே இடக்கண் மங்கலானவர் அவர். வைத்தது வலக்கண். வலிக்கவே இல்லையே என்று என்னிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நேற்று மாத்தளையில் அவர் வீட்டுக்குப் போனேன். என் காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே பேசினார். ஏன் என்று கேட்டேன்.

"நேராப் பார்த்தா ஒங்க மொகம் இருக்கிற எடத்துல கறுப்பாத்தான் இருக்கு டீச்சர். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாத்தான் நீங்க வர்றீங்க."