வாசல்நிலையின் நிறங்கள்

மகளுக்குப் பத்து மாதமாக இருந்தபோது, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பிளாட்டோ பகுதியில் ஒரு விக்டோரியா காலத்து வீட்டின் கீழ்த்தளத்துக்கு வாடகைக்குப் போனோம். சாம்பல் கல் முகப்பு. வாசலுக்கு மேலே நிறக்கண்ணாடி. முன்னறைக் கூரையின் நடுவில் சாந்தால் செய்த பெரிய பூ ஒன்று. முதல் நாள் கழுத்து நோகும்வரை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ இதழ் இதழாகக் கையால் செதுக்கியிருந்தார்கள். அடுத்த கணமே, அது மகளின் மேல் விழுந்தால் என்ன செய்வது என்ற எண்ணமும் வந்துவிட்டது. எனக்கு வியப்பும் பயமும் சேர்ந்தேதான் வரும்.

பால் காய்ச்சுகிற அன்று மாமி, கணவரின் அம்மா, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரிலிருந்து மஞ்சள், குங்குமம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். முன்வாசல் நிலைக்கு மஞ்சள் பூச வேண்டும். நிலையிலோ தடித்த வெள்ளைப் பெயின்ட், அங்கங்கே வெடித்துச் செதில் செதிலாக நின்றது. மாமி விரலால் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

“உதுக்கு மேல மஞ்சள் நிக்காது, பிள்ளை. ஆர் ஆரோ இருந்துபோன வீடு. மரம் தெரிய ஒருக்கா உரஞ்சிப்போட்டுப் பூசுவம்.”

கணவர் சாண்ட்பேப்பர் எடுத்துவந்து உரஞ்சத் தொடங்கினார். பழைய வீட்டில் இப்படிச் செய்யலாமோ என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. மாமி சொன்ன பிறகு கேட்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். பாலை அடுப்பில் வைப்பதற்காக மகளைத் தரையில் இறக்கிவிட்டேன். அவள் நேரே தகப்பனிடம் தவழ்ந்து போனாள்.

அந்த நேரம் பலகாரப் பெட்டியோடு மச்சாள் வந்தாள். கணவரின் தங்கை; நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, அவற்றின் கதையைச் சொல்லுகிறவள். படியிலேயே நின்று கத்தினாள்.

“அண்ணை, நிப்பாட்டு! என்ன செய்யிறாய்?”

“பெயின்ட் உரஞ்சிறன். ஏன்?”

“உந்தக் காலத்துப் பெயின்டில ஈயம் இருக்குமடா! பிள்ளையின்ர மூளைக்கு நஞ்சு! எஞ்சினியர் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாய், இது தெரியாதே?”

எல்லோரும் ஒன்றாக மகளைப் பார்த்தோம். அவளுடைய உள்ளங்கைகள் இரண்டும் வெள்ளையாக இருந்தன. ஒரு விரல் வாயில்.

தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். கை, முகம், நாக்கு எல்லாவற்றையும் கழுவினேன். மச்சாள் ஈரத்துணியால் தரையை ஒற்றி எடுத்தாள். கணவர் சாண்ட்பேப்பரை ஒரு பையில் போட்டு முடிச்சுப்போட்டார். மாமி, “சாமிக்கெண்டுதானே சொன்னனான்...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கதிரையில் இருந்துவிட்டார். பால் தன்பாட்டில் பொங்கி அடுப்பில் வழிந்தது. அது எந்தப் பக்கம் வழிந்தது என்று ஒருவரும் சகுனம் பார்க்கவில்லை.

மறுநாளே கிளினிக்கில் மகளின் இரத்தத்தை எடுத்தார்கள். முடிவு வரச் சில நாட்களாகும் என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்பிப் பூசித் தருவதாகச் சொல்லி, அதுவரை நிலையைப் பிளாஸ்டிக்கால் மூடி ஒட்டச் சொன்னார். ஒட்டுவதற்கு முன் மச்சாள் போன் வெளிச்சத்தைப் பிடித்து, உரஞ்சிய இடத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

“தொடாமல் பாருங்கோ, மச்சாள்.”

வெள்ளைக்குக் கீழே வெளிர்பச்சை. அதற்குக் கீழே மங்கிய ரோசா. பிறகு பாசி நிறம், செங்காவி, பால்வெள்ளை. எல்லாவற்றுக்கும் அடியில் தேன் நிற மரம். நகத்தின் தடிப்புக்குள் நூறு வருடத்துக்கும் மேல். ஒவ்வொரு நிறத்தையும் யாரோ ஒரு பெண் கடையில் நின்று, இதுவா அதுவா என்று யோசித்துத் தெரிந்தெடுத்திருப்பாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தூசிக்குப் பயந்தும் அடக்கினேன்தான்.

காத்திருந்த நாட்களில் மகள் கூப்பிட்டும் திரும்பாவிட்டால் ஈயமோ என்று நினைத்தேன். வழக்கத்தைவிடக் கூடத் தூங்கினால் ஈயமோ என்று நினைத்தேன்.

“பிள்ளை சிரிக்குது. அதுக்கும் பயப்பிடுறீரோ?” என்றார் கணவர். அவரும் ஈரத்துணியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். “சுவரை முறைச்சுக்கொண்டிருக்காம வாங்கோ. சும்மா நடவுங்கோ.”

மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அவள் வீடுகளைக் காட்டக் கூட்டிப்போன கூட்டத்தின் பின்னால் நடந்தேன். எங்கள் வீட்டின் முன்னாலும் நின்றார்கள். முகப்புக்கு மட்டும்தான் கல், மற்றப் பக்கங்கள் வெறும் செங்கல் என்றாள் மச்சாள். அந்தக் கல் இதே நகரத்தின் நிலத்தைத் தோண்டி எடுத்தது என்றும், தோண்டிய பள்ளங்களில் சில இன்று நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோகிற பூங்காக்கள் என்றும் சொன்னாள். காலுக்குக் கீழே இருந்ததை எடுத்து இவ்வளவு உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். சன்னலுக்கு மேலே செதுக்கிய கல் இலைகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

அப்போது யாரோ அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். பாலும் தண்ணீரும் சுத்தமில்லாத காலம், பிறந்த குழந்தைகளில் பலர் முதல் கோடையைத் தாண்டவில்லை என்று மச்சாள் பிரெஞ்சில் சொன்னாள். சொன்ன கையோடு என்னைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

“ஐயோ மச்சாள், உங்களைப் பயப்பிடுத்தச் சொல்லேல்லை.”

ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. எங்கள் முன்னறைச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் எத்தனை தாய்மார் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாருமில்லை. சுகமாகிவிடும் என்று போனில் ஒரு குரல் வரப்போவதுமில்லை. அப்படியிருந்தும் விடிந்ததும் எழும்பி அடுப்பு மூட்டி, நிலைக்குப் பச்சையும் ரோசாவும் பூசி, அடுத்த பிள்ளையையும் அதே தரையில் தவழ விட்டிருக்கிறார்கள். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து தாதி அழைத்தார். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். பிறகு மறுபடியும் சொல்லச் சொன்னேன்.

“பயப்பட ஒன்றுமில்லை, மதாம். உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள்.”

“கொஞ்சமும் இல்லையா?”

“என் இரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும், மதாம்,” என்று சிரித்தார். “தூசியைத் துடையுங்கள். அவளுடைய கையைக் கழுவுங்கள். பிறகு நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.”

கணவர் கையிலிருந்த ஈரத்துணியை அப்போதுதான் கீழே வைத்தார். மாமிக்குப் போன் எடுத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இனி உங்கட வீட்டில நான் வாய் திறக்கமாட்டன்,” என்றார். அதே மூச்சில், “பிள்ளைக்கு உப்பைச் சுத்தி நாவூறு கழிச்சுவிடு. கண்ணூறுதான் இவ்வளவும்,” என்றார்.

“ஓம் மாமி.”

மகளை முன்னறைத் தரையில் இருத்தி, ஒரு பிடி உப்பை அவள் தலையைச் சுற்றி மூன்று முறை எடுத்தேன். அவள் என் கையைப் பிடிக்க எட்டி எட்டிச் சிரித்தாள். குழாயைத் திறந்து உப்பைக் கரைய விட்டேன். இந்த வீட்டில் எனக்கு முன்னிருந்தவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஏதோ ஒன்றைச் செய்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று தெரியாது. என்னுடையது பிழைத்திருக்கிறது. போய் அவளைத் தூக்கிவந்து, அவளுடைய உள்ளங்கைகளைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக் கழுவினேன்.