கச்சான் தோட்டத்துப் பாட்டு

விசுவமடுவில் என் கச்சான் கடலைத் தோட்டத்து வேலியில் ஒரு பாட்டுப் பெட்டி தொங்கும். குரங்கையும் மயிலையும் விரட்டத்தான். மனிதக் குரல் கேட்டால் கிட்ட வராது. மற்றவர்கள் ரேடியோச் செய்தி விடுவார்கள். நான் மெமரி காட் போடுவேன்.

அதில் இருந்ததெல்லாம் ஊரோடு ஒட்டாதவர்களின் பாட்டு. பிச்சைக்காரன், கூத்தாடி, வீட்டைவிட்டு ஓடியவள். காட் கிடைத்தபோது கூடவே ஒரு புத்தகமும் கிடைத்தது. ஊர் ஒதுக்கிவைத்த, பிணம் எரிக்கிற ஒருவனின் கதை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவன் தனியே இருந்து சோறு தின்னும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் இங்கே பிறந்தவன். இன்றைக்கும் சந்தியில் என்னை ஏளனமாய்த் தோட்டக்காட்டான் என்கிறார்கள். அந்த இடத்தை வாசித்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

இரண்டையும் தந்தவன், மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வரும் மீன்காரன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, இங்கே கல்யாணம் கட்டி வந்தவன். சும்மா தந்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை முடிந்தபிறகு இங்கே சும்மா தருகிறவன், புலனாய்வுக்காரருக்குச் சொல்லக் கதை பிடுங்கத்தான் வருவான்.

ஒருநாள் காலை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை.

"என்ன அண்ணை, ஒரே பாட்டாக் கிடக்கு? ஆருக்குக் கேக்க விடுறியள்?"

"குரங்குக்கு."

அவர்கள் சிரிக்கவில்லை. "காட் ஆர் தந்தது?"

"கடையில வாங்கினது."

போய்விட்டார்கள்.

யாரோ தந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? காட் வந்த வழி மீன்காரனுக்கும் எனக்கும்தான் தெரியும். பெட்டியை நிறுத்தினேன். புத்தகத்தை அரிசி வாளிக்குள் வைத்தேன். றோட்டில் யார் வருகிறார்கள் என்றே பார்த்திருந்தேன். சத்தம் இல்லாததால் குரங்குகள் பின்பக்கத்தால் இறங்கிவிட்டன. கடைசி வரிசை முழுக்கப் பிடுங்கி, பிஞ்சைச் சப்பித் துப்பியிருந்தன.

அடுத்த கிழமை மீன்காரன் வந்தான்.

"என்ன அண்ணை, பாட்டைக் காணேல்லை?"

"நீதானே சொன்னனீ."

"என்னத்தை?"

"வந்தவங்களுக்கு. காட் நீ தந்ததெண்டு."

அவன் மீன் பெட்டியை மூடினான். "என்னட்டையும் வந்தவங்கள். நீங்கள்தான் என்னைக் காட்டிக் குடுத்ததெண்டு நினைச்சன். அதுதான் இந்தப் பக்கம் வரேல்லை."

"பிறகேன் எனக்குச் சும்மா தந்தனீ?"

"கட்டின மனுசியின்ர ஊரில நான் இன்னும் மீன்காரன்தான். ஒருத்தரும் பேர் சொல்லுறேல்லை. உங்களுக்கும் அப்பிடித்தானே? வேற ஆருக்குக் குடுக்கிறது? இங்க மற்ற எல்லாருக்கும் சொந்தக்காரர் இருக்கினம்."

உண்மையா பொய்யா தெரியவில்லை. இன்றும் தெரியாது.

சீற்றுக்கு அடியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்தான். ஊர் துரத்திவிட்ட நாடகக்காரி ஒருத்தியின் கதை என்றான். நான் கை நீட்டவில்லை.

"நான் உன்னை நம்பேல்லை."

"நானும் உங்களை நம்பேல்லை. இப்ப வேணுமோ, வேண்டாமோ?"

வாங்கினேன். அவன் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியேதான் போனான். பிறகு குந்தியிருந்து, முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டத் தொடங்கினேன்.